நாலு மணிக் குடை

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு பங்குனி மாதத்தில், எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தை அழகுபடுத்துவது என்று முடிவு செய்தோம். தாம்பரம் தாண்டி ஒரு சின்ன மனை. பின்னால் இருபதடிக்கு முப்பதடி காலியிடம், ஓரத்தில் ஒரு வேப்பமரம். கடைக்காரர் நீட்டிய வழவழப்பான விலைப்பட்டியலில் பச்சைப் புல்வெளி, வட்ட இரும்பு மேசை, மேசையின் நடு ஓட்டையில் செருகிய பெரிய குடை, சுற்றிலும் நான்கு இரும்பு நாற்காலி, கறுப்பு மெத்தை. படத்தில் இருந்ததை அப்படியே வாங்கினோம், புல்வெளி நீங்கலாக. சித்திரை பிறந்து முதல் ஞாயிறு, மாலை 4 மணிக்குக் காப்பித் தம்ளர்களோடு போய் உட்கார்ந்தால் மேலெல்லாம் வெயில். குடை நன்றாக விரிந்துதான் இருந்தது. நிழல் மட்டும் எங்களை விட்டுவிட்டுப் பக்கத்து மதிலோரத்தில் துளசித் தொட்டிமேல் போய் விழுந்திருந்தது. கிழக்கு நாற்காலியில் இருந்த அம்மாவுக்கு மட்டும் தலையளவு நிழல் கிடைத்தது. "காசு குடுத்து வாங்கின குடைடா, துளசிக்குப் பிடிச்சிட்டு நிக்குது" என்றாள்.

குடைமேல் தப்பில்லை. அந்த மாதத்தில், அந்த நேரத்தில், சென்னைப் பக்கம் சூரியன் மேற்கே ஏறக்குறைய 33 டிகிரி உயரத்தில் நிற்கும். எட்டடி உயரத்தில் விரிந்த குடையின் நிழல் தரையில் 12 அடி கிழக்கே தள்ளி விழும். எங்கள் குடையின் அகலமோ ஏழடி. அதற்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பவருக்கு என்ன மிஞ்சும்? அந்தக் குடை சரியாக வேலை செய்யும் நேரம் பகல் 12 மணி. 12 மணிக்குக் கொல்லையில் போய் யார் காப்பி குடிக்கப்போகிறார்கள்?

அந்த விலைப்பட்டியல் வேறொரு சூரியனுக்காகப் போடப்பட்டது. லண்டனில் கோடையின் உச்சமான ஜூன் 21 அன்றுகூட நண்பகல் சூரியன் தென்வானில் 62 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை. அங்கே தோட்டத்தில் நாற்காலி போடுவது வெயிலில் போய் உட்காருவதற்கு. நமக்கோ வெயிலை விட்டு விலகி உட்கார வேண்டும். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வருகிறது. அதன்பின் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவேளைச் சூரியன் நமக்குச் சற்று வடக்கேதான் நிற்கிறது. கத்திரி வெயிலில் வீட்டின் வடபுறம் நிழலாக இருக்கும் என்று கணக்குப் போட்டு அங்கே பெஞ்சு போட்டவர்கள் ஏமாந்துபோவது இதனால்தான்.

உச்சி வெயிலில் எப்படியும் வீட்டுக்குள் இருப்போம். வெளியே உட்கார நினைக்கும் நேரத்தில், மூன்றிலிருந்து ஐந்தரை வரை, வெயில் மேற்கிலிருந்து சாய்வாக வருகிறது. சாய்ந்து வரும் வெயிலுக்குத் தலைக்குமேல் கூரை போட்டுப் பயனில்லை. மேற்கே நெட்டுக்குத்தாக நிற்கும் தடுப்பு வேண்டும். தைப் பட்டத்தில் பீர்க்கனோ பாகலோ விதைத்து, மூங்கில் தட்டியில் செங்குத்தாக ஏற்றிவிட்டால் சித்திரையில் அது சுவராக நிற்கும். காய் கிடைப்பது உபரி.

சரி, நிழல் என்பதுதான் என்ன? அது அவ்வளவு முக்கியமா?

தொலைக்காட்சியில் "மீனம்பாக்கத்தில் இன்று 40 டிகிரி வெயில்" என்கிறார்கள். உண்மையில் அது வெயில் அளவே அல்ல. வானிலை நிலையத்தில் வெப்பமானி ஒரு வெள்ளை மரப்பெட்டிக்குள், நிழலில் தொங்குகிறது. நாலு பக்கமும் சாய்வுப் பலகை அடித்து, காற்று மட்டும் புகுந்து வெளியேறும்படி செய்த பெட்டி. ஸ்காட்லாந்தில் கலங்கரை விளக்கம் கட்டும் பொறியாளராக இருந்த தாமஸ் ஸ்டீவன்சன் வடிவமைத்தது. 'புதையல் தீவு' எழுதிய ஸ்டீவன்சனின் அப்பா. அந்தப் பெட்டி அளப்பது காற்றின் சூட்டை. 2003 மே 31 அன்று சென்னையில் பதிவான 45 டிகிரியும் அப்படி நிழலில் அளந்ததுதான்.

ஆனால் வெளியே உட்காரும் மனிதருக்குச் சூடு காற்றிலிருந்து மட்டும் வருவதில்லை. நிர்மலமான வானத்தில் உச்சி வெயில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட் வீதம் இறங்குகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு தானாக உண்டாக்கும் வெப்பம் சுமார் 100 வாட், அதாவது பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. இந்தப் பல்பின் சூட்டை வெளியேற்றத்தான் வியர்க்கிறோம். வெயிலில் போய் உட்கார்ந்தால் இன்னும் இரண்டு மூன்று பல்புகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதுபோல. நேர் வெயிலோடு விட்டதா? சுட்ட தரை, சுட்ட சுவர், சுட்ட தகரம் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை நம்மேல் வீசிக்கொண்டே இருக்கின்றன. காற்று அதே 38 டிகிரியாக இருக்கும். மரத்தடியில் ஒருவர் சுகமாகச் சீட்டாடுவார், பத்தடி தள்ளிச் சிமெண்ட் தரையில் நிற்பவர் தவிப்பார். இருவருக்கும் வித்தியாசம் காற்றால் வந்ததல்ல, கதிரால் வந்தது.

ஆகவே தோட்டத்தில் என்ன போடலாம் என்று யோசிக்கும்போது கேட்க வேண்டியது, "இந்தப் பொருள் வெயிலில் எவ்வளவு சுடும், சுட்டபின் அந்தச் சூட்டை யார்மேல் வீசும்?" என்பதுதான். நிறம், பாணி எல்லாம் பிறகு. கொரோனா காலத்தில் நெற்றியில் நீட்டிய துப்பாக்கி வெப்பமானி பல வீட்டில் தூங்குகிறது. அவற்றில் சிலவற்றில் பொருள்களின் மேற்பரப்பை அளக்கும் முறையும் உண்டு. இருந்தால் அதை மதியம் 2 மணிக்கு எடுத்துக்கொண்டு கொல்லையைச் சுற்றி வாருங்கள். உங்கள் வீட்டுக்கான பாடப்புத்தகம் அது.

கூரையை எடுத்துக்கொள்வோம். மேலே தகர ஷீட் போட்டால் நிழல் கிடைக்கும், வெயில் நேராக விழாது. ஆனால் தகரம் 60 டிகிரிக்குக் காய்ந்தால் அது தன் அடிப்பக்கத்திலிருந்து சதுர மீட்டருக்குச் சுமார் 700 வாட் கதிரை நம் தலைமேல் இறைக்கிறது. 36 டிகிரியில் இருக்கும் ஓர் இலை இறைப்பது 500 வாட்டுக்குச் சற்று மேல். தகரத்துக்கும் இலைக்கும் இடையே உள்ள இந்த 180 வாட்தான் ஷீட் போட்ட கொட்டகையில் தலை காய்வதற்குக் காரணம். தென்னங்கீற்றுப் பந்தலில் அந்தக் காய்ச்சல் இல்லை. கீற்றுக்கும் கீற்றுக்கும் நடுவே சிக்கிய காற்று சூட்டைக் கீழே விடாது. மேல் கீற்று எரிந்தாலும் அடிக்கீற்று தணிந்திருக்கும். ஷீட்தான் போட்டாக வேண்டும் என்றால் அதன்கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு ஒரு மூங்கில் பாயைக் கட்டிவிடுங்கள். தகரத்தின் கதிர் பாயோடு நின்றுபோகும், இடைவெளியில் காற்று ஓடும்.

மரத்தின் இலை ஏன் 36-லேயே நிற்கிறது? பொதுவாகச் சொல்லும் பதில் நீராவிப்போக்கு. 1 லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு பெரிய மரம் நாளைக்கு 100 லிட்டர் தண்ணீரை ஆவியாக விட்டால், அது எடுத்துக்கொள்ளும் வெப்பம் ஒன்றரை டன் ஏசி ஒன்று பன்னிரண்டு மணி நேரத்துக்குமேல் இடைவிடாமல் ஓடி வெளியேற்றும் வெப்பத்துக்குச் சமம். இந்தக் கணக்கு சரி, ஆனால் இதைக் கேட்டுவிட்டு மரம் ஏசிபோல் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்வது சரியல்ல. ஏசியின் குளிர்ச்சி அறைக்குள் அடைந்து கிடக்கும். மரத்தின் குளிர்ச்சியை அடுத்த காற்றே அள்ளிக்கொண்டு போய்விடும். நமக்கு நிற்பது நிழலும், சூடேறாத கூரையும்தான். வேம்புக்கு இன்னொரு சாமர்த்தியம் உண்டு. அதன் இலை சின்னச் சின்னச் சிற்றிலைகளாகப் பிரிந்தது. சின்ன இலையைச் சுற்றிப் படியும் காற்றுப் படலம் மெல்லியது, அதனால் அது தன் சூட்டை உடனுக்குடன் காற்றிடம் கொடுத்துவிடும். அகல இலைக்கு அது அவ்வளவு சுலபமில்லை. மாசியில் இலை கொட்டி, பங்குனியில் துளிர்த்து, சித்திரையில் வேம்பு முழுக் கூரையாக நிற்கிறது. புங்க மரமும் அப்படியே. வெயில் ஏறும் நேரம் பார்த்துப் பளபளவென்று புது இலை விட்டிருக்கும்.

தரையைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. இப்போது பால்கனியிலும் மாடியிலும் செயற்கைப் புல் விரிப்பது வழக்கமாகிவிட்டது. அது புல்லின் நிறம் பூசிய பிளாஸ்டிக். தண்ணீர் குடிக்காது, வியர்க்காது. சூட்டை ஆவியாக்கி அனுப்ப வழியில்லாததால் வெயிலில் 60 டிகிரியைத் தாராளமாகத் தாண்டும், பக்கத்துச் சிமெண்ட் தரையையே முந்திவிடும். நிழலுக்குள் விரியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. வெயில் படும் இடத்தில், அதிலும் குழந்தைகள் வெறுங்காலோடு ஓடும் இடத்தில், வேண்டவே வேண்டாம்.

இனி இருக்கை. எங்கள் இரும்பு நாற்காலியில் மூன்று மணிக்கு உட்கார்ந்த மைத்துனர் உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். அதே வெயிலில் கிடந்த அம்மாவின் பழைய மர ஸ்டூலில் உட்கார்ந்து, "இது பரவால்ல மாமா" என்றார். ஸ்டூலும் அதே அளவு சுட்டுத்தான் இருந்தது என்று சொன்னால் அவர் நம்பவில்லை. நம்ப முடியாததுதான். ஆனால் கை உணர்வது பொருளின் வெப்பநிலையை அல்ல. தொட்ட கணத்தில் தோலுக்கும் பொருளுக்கும் இடையில் உண்டாகும் வெப்பநிலையை. அது இரண்டில் எது வெப்பத்தை வேகமாகத் தள்ளுகிறதோ அதன் பக்கம் சாயும். இரும்பும் கருங்கல்லும் மரமும் ஒரே 50 டிகிரியில் இருப்பதாக வையுங்கள், தோல் 34. கணக்குப் போட்டால் இரும்பைத் தொட்ட இடம் 49 டிகிரி, கருங்கல்லில் 45, தேக்கில் 38. இரும்பு உள்ளே இருக்கும் சூட்டையெல்லாம் திரட்டிக்கொண்டு ஓடிவந்து கொடுக்கிறது. மரம் தன் மேல்தோல் சூட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த தவணைக்கு யோசிக்கிறது. பிளாஸ்டிக்கும் மரத்தின் கட்சிதான், சுமார் 39.

இதே கணக்கை நிழலில் போட்டுப் பாருங்கள். ராத்திரி முழுக்கக் குளிர்ந்து, பகலெல்லாம் மரத்தடியிலேயே கிடந்த கருங்கல் பெஞ்சு மதியம் 2 மணிக்கு 31, 32 டிகிரியில் இருக்கும். உட்கார்ந்தால் நம் சூட்டை அது மளமளவென்று வாங்கிக்கொள்ளும். ஊர்ப் பொது மரத்தடியில் போட்டிருக்கும் கல்லின் சுகம் அது. அந்தக் கல்லை நாலடி வெயிலுக்குள் நகர்த்தினால் அதே குணத்தால் சுட்டெரிக்கும். கல் நல்லதா கெட்டதா என்று கேட்டுப் பயனில்லை, எங்கே கிடக்கிறது என்று பாருங்கள்.

பிளாஸ்டிக் நாற்காலிக்கு வேறு நோய். வெயிலின் புறஊதாக் கதிர் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துக்கொண்டே இருக்கும். கையில் வெள்ளைப் பொடி ஒட்டினால் அறுப்பு மேல்தோலில் நடந்து முடிந்தது என்று அர்த்தம். அடுத்த கட்டம், விருந்தாளி உட்காரும்போது நாற்காலி காலை விரிப்பது. பிளாஸ்டிக்கை வெயிலிலிருந்து காப்பதில் கரித்தூளுக்கு ஈடு இல்லை, ஆகவே கறுப்பு நாற்காலி நீண்ட நாள் உழைக்கும். அதிகம் சுடுவதும் அதுதான். கடலோர ஊர்களில் இரும்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், உப்புக்காற்று இரண்டு மழைக்காலத்தில் மூட்டுகளைத் தின்றுவிடும். எவர்சில்வர்கூட எல்லா ரகமும் தாங்காது. மாலிப்டினம் கலந்த ரகம்தான் கடற்காற்றுக்கு ஆகும்.

மெத்தைகளைப் பற்றி என் தீர்ப்பு கடுமையானது. நம் கோடையில் வெளியே ஃபோம் மெத்தை போட்டு உட்காருவது முதுகுக்குக் கம்பளி போர்த்துவதற்குச் சமம். வியர்வை ஆவியானால்தான் குளிர்ச்சி. மெத்தையில் அழுந்திய முதுகில் வியர்வை வெறும் ஈரமாகத் தேங்கி நிற்கும், ஒரு பைசா குளிர்ச்சி கொடுக்காது. கயிற்றுக் கட்டிலில் படுத்தால் கயிறு தொடும் இடம் கொஞ்சம், ஓட்டை அதிகம். அடியிலிருந்து காற்று ஏறி முதுகைத் தொடுகிறது. தென்னங்கயிறு உறுத்தும், எழுந்தால் முதுகில் கட்டம் கட்டமாக அச்சு விழுந்திருக்கும் என்பது உண்மைதான். அதற்கு மேலே ஒரு கோரைப் பாய். பத்தமடையிலும் முசிறியிலும் பாய் நெய்கிற கோரை, நீர்க்கரையில் வளரும் செடி. தண்டுக்குள் காற்றறைகள் நிறைந்தது. அதனால் பாய் உடம்புச் சூட்டைத் தேக்காது, வியர்வையையும் ஓரளவு வாங்கிக்கொள்ளும். நாடாக் கட்டிலும் தேவலை. பிரம்பு நாற்காலி நிழலில் அருமை, மழையில் நனைந்தால் கறுத்துப்போகும்.

மாலை ஆறரை. சூரியன் இறங்கிவிட்டது, மாடிக்குப் போகலாம் என்று தோன்றும். போகாதீர்கள். அரையடிச் சிமெண்ட் தளத்தின் மேல்பக்கத்தில் விழுந்த உச்சி வெயில் அடிப்பக்கம் போய்ச் சேர நாலைந்து மணி நேரம் ஆகிறது. ஆறரைக்குத் தளம் முழுவதும் பகல் சூடு சேமித்த கிடங்கு. மேலே உட்கார்ந்தால் கீழிருந்து வேகும். அந்த நேரத்துக்கு மண்தரைதான் இடம், அதுவும் பகலெல்லாம் மர நிழல் பட்ட மண்.

மாடியைச் சீக்கிரம் தணிக்க ஒரு வழி எல்லோருக்கும் தெரியும், தண்ணீர் தெளிப்பது. எவ்வளவு தெளிக்க வேண்டும் என்பது தெரியாது. ஐந்தங்குலத் தளத்தில் ஒரு சதுர மீட்டரின் எடை சுமார் 300 கிலோ. அதை 1 டிகிரி குளிர்விக்க 260 கிலோஜூல் போக வேண்டும். 1 லிட்டர் தண்ணீர் அதன்மேல் முழுவதும் ஆவியானால் 2,400 கிலோஜூல் போகும், அதாவது ஒன்பது டிகிரி. காற்றும் இந்தக் கணக்கில் கொஞ்சம் பங்கு கேட்கும் என்பதால் ஆறு ஏழு டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். பத்தடிக்குப் பதினைந்தடி இடத்துக்கு ஒரு வாளித் தண்ணீர் போதும் என்று ஆகிறது. குளிர்விப்பது ஆவியான தண்ணீர்தான், குழாய் வழியாக ஓடிப்போனது அல்ல. குழாயைத் திறந்து மாடியைக் கழுவிவிடுகிறவர்கள் தண்ணீரில் பெரும்பகுதியைச் சாக்கடைக்குத்தான் கொடுக்கிறார்கள். வெயில் சாய்ந்த பிறகு ஐந்தரைக்குப் பாதி வாளி கையால் தெளித்து, காய்ந்ததும் மீதிப் பாதி. எட்டரைக்கு மாடி தயார்.

தண்ணீர் என்றதும் இப்போது உணவகங்களில் புகையாய்ப் பீய்ச்சும் பனித்தூவிகள் நினைவுக்கு வரும். வீட்டுக்கும் விற்கிறார்கள். வாங்கலாமா என்பது நீங்கள் இருக்கும் ஊரைப் பொறுத்தது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். ஆவியாதலால் காற்றை எவ்வளவு தூரம் குளிர்விக்க முடியும் என்பதற்கு அதுதான் எல்லை. வேலூரிலோ கரூரிலோ மதியம் 40 டிகிரி வெப்பமும் 20 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் அந்த எல்லை 23 டிகிரி. பதினேழு டிகிரி பள்ளம் காத்திருக்கிறது, தூவி தன் வேலையைக் காட்டும். சென்னையில் கடற்காற்று வந்தபின் மாலை 32 டிகிரி, ஈரப்பதம் 75 என்றால் எல்லை 28. கிடைக்கக்கூடியது நாலு டிகிரிகூட முழுதாக இல்லை, சட்டை நனைவது மட்டும் நிச்சயம். மண்பானைத் தண்ணீர் உள்மாவட்டங்களில் ஜில்லென்றும், மயிலாப்பூரில் சுமாராகவும் இருப்பதற்கும் இதுவே காரணம். கடலோரத்தில் தூவிக்குப் போடும் காசில் ஒரு நல்ல பெடஸ்டல் ஃபேன் வாங்குங்கள். மெல்லிய காற்று மேலே பட்டால் இரண்டு மூன்று டிகிரி குறைந்ததுபோல் இருக்கும். கொசுவும் பலவீனமாகப் பறக்கிற பூச்சி, ஃபேன் காற்றை எதிர்த்து வந்து உட்கார அதனால் முடியாது. நம் மூச்சுக்காற்றை மோப்பம் பிடித்து வரும் அதன் வழியையும் ஃபேன் கலைத்துவிடும். காற்றைக் காலடிப் பக்கம் திருப்பி வையுங்கள். விளக்கு மஞ்சளாக இருந்தால் ஈசலும் பூச்சியும் குறையும், வெள்ளை நீல ஒளிக்குத்தான் அவை மொய்க்கும். தாமரைத் தொட்டி வைத்தால் கப்பி மீன் விடுங்கள், பறவைக்கு வைக்கும் தண்ணீரை வாரம் இருமுறை கொட்டிக் கழுவுங்கள்; டெங்கு பரப்பும் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஏழெட்டு நாள் போதும்.

ராத்திரியில் ஆட்டம் தலைகீழாகிறது.

பகலில் காத்த மரம் இரவில் இடைஞ்சல். புளிய மரத்தடியில் படுத்தால் பேய் அமுக்கும் என்பார்கள். படித்தவர்கள் பேயை எடுத்துவிட்டுக் கரியமில வாயுவை வைத்துக்கொண்டார்கள். இரண்டும் கதைதான். மரம் இரவில் சுவாசிக்கிறது, கரியமில வாயு விடுகிறது, உண்மை. ஆனால் திறந்தவெளியில் அது உடனே கலைந்துபோகும். பக்கத்தில் குறட்டை விடுகிறவர் ஒரு நாளில் விடும் கரியமில வாயு ஏறக்குறைய 1 கிலோ. அவருக்குப் பயந்து யாரும் எழுந்து ஓடுவதில்லை. இரவில் மரத்தடி புழுக்கமாக இருக்கக் காரணம் வேறு. அது வானத்தை மறைக்கிறது.

வானம் நமக்கு ஒரு பெரிய குளிர்ப் பலகை. நாமும் கட்டிலும் தளமும் வீசும் அகச்சிவப்புக் கதிரில் 8 முதல் 13 மைக்ரான் அலைநீளம் கொண்ட பகுதியைக் காற்று அதிகம் தடுப்பதில்லை. வானில் திறந்த சாளரம் வழியாகப் போவதுபோல் அது நேரே விண்வெளிக்குப் போய்விடுகிறது. திரும்பி வரும் கதிர் குறைவு, ஆகவே வானம் பார்த்துக் கிடக்கும் பொருள் காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர் இதை ஒரு தோட்டத்தில்தான் நிரூபித்தார். புல்தரைக்குமேல் நாலு குச்சி நட்டு, மெல்லிய கைக்குட்டை ஒன்றை அரையடி உயரத்தில் கட்டினார். இரவுகளில் அளந்து பார்த்தால் கைக்குட்டைக்கு அடியில் இருந்த புல், பக்கத்துத் திறந்த புல்லைவிட வெதுவெதுப்பாக இருந்தது. வானத்தை மறைக்க ஒரு கைக்குட்டையே போதும் என்று தெரிந்தது. 1814-இல் பனித்துளி பற்றி அவர் எழுதிய நூலில் இது இருக்கிறது. அதற்கும் முன்பே, அலகாபாத்தில் இந்த வித்தையை வைத்துப் பனிக்கட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். குளிர்கால இரவில், பள்ளத்தில் கரும்புச் சக்கையும் தட்டையும் பரப்பி, அதன்மேல் பூச்சில்லாத மண்தட்டுகளில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். விடியுமுன் தட்டில் பனிக்கட்டி. காற்று உறைநிலைக்கு வராமலே தண்ணீர் உறைந்தது. ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் 1775-இல் லண்டன் ராயல் சங்கத்துக்கு இதை விவரமாக எழுதியிருக்கிறார்.

நம் ஊர்க் கோடையில் பனிக்கட்டி கிடைக்காது. கடலோர ஈரப்பதம் வான் சாளரத்தில் பாதியை மூடிவிடும். ஆனாலும் மாடியில் வானம் பார்த்துப் படுப்பவருக்கும், ஷீட் கூரைக்குக் கீழே படுப்பவருக்கும் உள்ள வித்தியாசம் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தர்மபுரி, கரூர் பக்கத்து வறண்ட இரவுகளில் அது இன்னும் தெளிவாகத் தெரியும். இந்தச் சாளரத்தைப் பகல் வெயிலிலேயே பயன்படுத்த முடியும் என்று 2014-இல் ஸ்டான்ஃபோர்டில் ஆஸ்வத் ராமனும் அவர் குழுவினரும் செய்து காட்டினார்கள். வெயிலை அப்படியே திருப்பி, அகச்சிவப்பை மட்டும் வானுக்கு அனுப்பும் மெல்லிய அடுக்குத் தகடு அது. நேர் வெயிலில் காற்றைவிட 5 டிகிரி குறைந்து நின்றது. நம் கைக்கு எட்டுவது வெள்ளை. மாடித் தளத்துக்கு வெள்ளைப் பூச்சு அடித்தால் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பிவிடும், மாலைத் தண்ணீர்ச் செலவும் குறையும்.

மாடியில் ஒரு சின்னச் சிக்கல், கைப்பிடிச் சுவர். மூன்றடி உயரக் கெட்டிச் சுவர் தரையில் பாய் போட்டுப் படுப்பவருக்குக் காற்றை முழுதாக மறைத்துவிடும். புதிதாகக் கட்டுகிறவர்கள் தென்கிழக்குப் பக்கம் ஜாலி வைத்துக் கட்டச் சொல்லுங்கள். கட்டி முடித்தவர்கள் கட்டிலுக்கு அடியில் நாலு செங்கல் கொடுத்து உயர்த்திப் பாருங்கள்.

இப்போது எங்கள் கொல்லையில் ஒரு கயிற்றுக் கட்டில். காலையில் அது வேம்புக்கு அடியில். மூன்று மணிக்கு மேல் பாகற்கொடித் தட்டியின் கிழக்கே. ஆறரைக்கு மண்தரைக்கு நடுவில். எட்டரைக்கு மேல் நானும் பையனுமாக அதை மாடிக்குத் தூக்கிப்போகிறோம். இரும்பு மேசை வாங்கிய நாளில் வைத்த இடத்திலேயே இருக்கிறது. அதை நகர்த்த மூன்று பேர் வேண்டும், மேலே இப்போது செம்பருத்தித் தொட்டிகள். குடை சும்மா போகவில்லை. மேசையிலிருந்து பிடுங்கி, கட்டிலுக்கு மேற்கே, தரையோடு சாய்த்து நட்டிருக்கிறேன். துளசிக்கு இப்போது நிழல் இல்லை.

தோட்டத்துக்கென்று நாற்காலியோ கட்டிலோ வாங்கப் போகிறவர்கள் கடையில் அதில் உட்கார்ந்து பார்ப்பதோடு நிற்க வேண்டாம். ஒருமுறை தனி ஆளாகத் தூக்கிப் பத்தடி நடந்து பாருங்கள். முடியவில்லையென்றால் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.